நுரையீரல் நோயாளி இ-சிகரெட்டை ஏன் கையில் எடுக்கிறார்: வடாற்காட்டு அனுபவங்கள்

குடியாத்தத்திலிருந்து:

என் பெரியப்பா பேரணாம்பட்டிலிருந்து சென்னைக்குத் தோல் ஏற்றிச் செல்லும் லாரியை முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓட்டியவர். வீட்டுத் திண்ணையில் பெண்கள் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றிய காலத்தில் வளர்ந்த அவருக்குப் பீடி பதினைந்து வயதிலேயே பழகிவிட்டது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் வேலூரில் குழாயில் ஊதவைத்துப் பார்த்த மருத்துவர், இது நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்றும், இழந்த மூச்சு திரும்பாது, பீடியை நிறுத்தினால் இனி இழப்பது குறையும் என்றும் சொன்னார். பெரியப்பாவும் நிறுத்திவிட்டதாகவே நாங்கள் நம்பியிருந்தோம்.

கடந்த மார்கழியில், பனி விலகாத ஒரு காலையில், மாடியில் மாம்பழ வாசனை வந்தது. போய்ப் பார்த்தபோது பேனா போன்ற ஒரு கருவியை, அதாவது திரவத்தைச் சூடாக்கி ஆவியாக்கும் இ-சிகரெட்டை, அவர் உறிஞ்சிக்கொண்டிருந்தார். பெங்களூரிலிருந்து வந்த உறவுக்காரப் பையன் வாங்கிக் கொடுத்ததாம். எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனால் அவர் சொன்ன பதில் என்னை அங்கேயே உட்காரவைத்தது. "நெருப்பு இல்லப்பா, நாத்தம் இல்ல. பம்ப் மாதிரி இதுவும் ஆவிதானே? பீடி புடிச்சா பேத்தி கிட்ட வரமாட்டேங்குது."

அறியாமையால் செய்தார் என்று அதை ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. பீடியை விட்ட முதல் வாரங்களில் இருமல் கூடியிருக்கிறது, தூக்கம் போயிருக்கிறது, இரைப்பு வரும்போதெல்லாம் கை தானாகச் சட்டைப்பையைத் தேடியிருக்கிறது. இதையெல்லாம் சொன்னால் "இன்னுமா விடவில்லை" என்று ஏசுவோம் என்று பயந்து, எங்களிடமும் மருத்துவரிடமும் மறைத்திருக்கிறார். எதுவும் எரியாததால் தாரும் கார்பன் மோனாக்சைடும் பீடியில் இருக்கும் அளவுக்கு இதில் இல்லை என்பது உண்மைதான். ஆனால் அவர் பம்ப் என்று சொல்லும் இன்ஹேலரில் இருப்பது சுருங்கிய மூச்சுக்குழாயைத் தளர்த்தும் மருந்து. இந்த ஆவியிலோ நிகோடினும், புரோப்பிலீன் கிளைக்காலும், கிளிசரினும், வாசனைப் பொருள்களும் இருக்கின்றன. ஏற்கெனவே புண்பட்ட குழாயை அவை மேலும் உறுத்தக்கூடும். அதைவிட என்னை வருத்தியது, காலைத் தேநீரோடு இரண்டு பீடியும் தொடர்ந்தது என்பதுதான். மாற்றாக வந்த பொருள் துணையாகிப்போயிருந்தது.

ஆம்பூரிலிருந்து:

என் தம்பிக்குச் சிறுவயதிலிருந்தே ஆஸ்துமா உண்டு. காலணித் தொழிற்சாலையில் வேலை. வெளியே போய்ப் புகைக்க நேரம் கிடைக்காததால், கழிவறையில் இ-சிகரெட்டை இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுத் திரும்ப வசதியாக இருந்தது என்றுதான் அவன் காரணம் சொன்னான். நெஞ்சுக்கு நல்லது என்று அவன் ஒருநாளும் எண்ணியதில்லை. இன்ஹேலர் வழக்கத்தைவிடச் சீக்கிரம் தீர்ந்துபோனதைப் பார்த்துத்தான் எங்களுக்குச் சந்தேகமே வந்தது. ஆனால் ஒன்று கேட்க விரும்புகிறேன். இங்கிலாந்தில் புகையை விடுவதற்கு இதைத்தானே பரிந்துரைக்கிறார்கள்?

மீண்டும் குடியாத்தத்திலிருந்து:

ஆம், இதே கேள்வியை மருத்துவரிடம் நானும் கேட்டேன். அங்கே 886 பேரிடம் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், ஓராண்டு முடிவில் இ-சிகரெட் பெற்றவர்களில் 18 சதவீதத்தினரும், தோலில் ஒட்டும் நிகோடின் பட்டை, நிகோடின் சூயிங்கம் போன்றவற்றைப் பெற்றவர்களில் 9.9 சதவீதத்தினரும் புகையை விட்டிருந்தார்கள். ஆனால் இ-சிகரெட்டால் விட்டவர்களில் 80 சதவீதத்தினர் அப்போதும் அந்தக் கருவியை விடவில்லை. மேலும், அவர்களுக்கு வாரந்தோறும் ஆலோசனை கிடைத்தது, கருவியும் முறையாக விற்கப்படுவது. நம் நாட்டில் 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி இதன் விற்பனையே குற்றம். முதல் முறைக்கு ஓராண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. ஒளித்து விற்கும் பொருளில் நிகோடின் எவ்வளவு, வேறு என்ன கலந்திருக்கிறது என்று யாரைக் கேட்பது?

அந்த மருத்துவர் பெரியப்பாவைத் திட்டவில்லை. தூங்கி எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் பீடி என்று மட்டும் கேட்டார். ஐந்து நிமிடம் என்றதும், நாள் முழுவதும் மெல்ல நிகோடின் தரும் பட்டையும், ஆசை எழும்போது மெல்லுவதற்குச் சூயிங்கமும் எழுதிக் கொடுத்தார். சூயிங்கம் வேலை செய்யவில்லை என்று பெரியப்பா முன்பே ஒருமுறை தூக்கிப்போட்டவர். காரணம் அன்றுதான் புரிந்தது: தேநீர் குடித்த கையோடு அதை வாயில் போட்டு, மிட்டாய் போல விடாமல் மென்றிருக்கிறார். தேநீர், காப்பிக்குப் பின் கால் மணி நேரமாவது விட வேண்டும். காரம் தெரியும்வரை மென்று, பின் கன்னத்தில் ஒதுக்கிவைக்க வேண்டும். 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண்ணையும் எழுதிக் கொடுத்தார். அந்த எண் பீடிக் கட்டின்மேலேயே அச்சாகியிருந்ததை நாங்கள் ஒருநாளும் கவனித்ததில்லை.

இப்போது பீடி இல்லாமல் நான்கு மாதம் ஆகிறது. கருவி இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. தூக்கி எறியுங்கள் என்று நான் சொல்லவில்லை, அவராகத் தரட்டும். எங்களுக்கு இருக்கும் சங்கடம் வேறு. இந்த வேலூர் வெயிலில், வேர்வையில் பட்டை மதியத்துக்குள் கழன்றுவிடுகிறது. தோளில் ஒட்டிப் பார்த்தோம், நிற்கவில்லை. கோடையில் இதைப் பயன்படுத்தியவர்கள் உடம்பில் எங்கே ஒட்டினீர்கள் என்று தயவுசெய்து சொல்லுங்கள்.