புன்யோரோ சிசேரியன், 1879: மருத்துவ வரலாற்றில் அதற்கு இடம் உண்டா?

செங்காந்தள்:
ஆப்பிரிக்க அறுவை மருத்துவம் என்றதும் எகிப்தியப் பாப்பிரஸ் ஏடுகளோடு பேச்சை முடித்துக்கொள்கிறோம். இன்றைய உகாண்டாவைச் சேர்ந்த புன்யோரோவில் 1879-இல் தாம் நேரில் கண்ட சிசேரியனை, ஆங்கிலேய மருத்துவப் பயணி ராபர்ட் ஃபெல்கின் 1884-இல் எடின்பரோவின் மருத்துவ இதழ் ஒன்றில் எழுதினார். தாய்க்கு வாழைப்பழ மதுவைப் புகட்டி அரைமயக்கத்தில் ஆழ்த்தி, அதே மதுவால் அறுப்பவர் தம் கைகளையும் அவள் வயிற்றையும் கழுவி, நடுவே கீறிக் குழந்தையை எடுத்து, குருதி கசிந்த இடங்களைப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுட்டு, கருப்பையைப் பிசைந்து சுருங்கவைத்தார். அவளைப் புரட்டி உள்ளிருந்த நீரை வடியவிட்ட பிறகே ஏழு இரும்பு ஊசிகளால் வயிறு மூடப்பட்டது. வேர்களை மென்று குழைத்த பசையும், அனலில் வாட்டிய வாழையிலையும், மரப்பட்டைத் துணிக்கட்டும் அதன்மேல் வந்தன. பதினோராம் நாள் புண் ஆறியிருந்தது. இத்தனை படிகள் ஒரே நாளில் தோன்றியிருக்க இயலாது.

ஏட்டுப்பூச்சி:
விவரிப்பு வியப்பூட்டுகிறது என்பதை மறுக்கவில்லை. ஆயினும் இதற்குச் சாட்சி ஒருவரே. மது ஊற்றியது கிருமியை அறிந்தா, வழக்கம் கருதியா என்பதை அவர் எழுத்திலிருந்து முடிவுசெய்ய இயலாது. மேலும், கருப்பை தைக்கப்படவில்லை. சிசேரியனைப் பிழைக்கக்கூடிய அறுவையாக்கிய அந்தப் படியை 1882-இல் வலியுறுத்தியவர் ஜெர்மானிய மருத்துவரான மாக்ஸ் சாங்கர். புன்யோரோவிடமிருந்து எவரும் கற்காதபோது அதைப் பங்களிப்பு என்பது சொல்லைத் தளர்த்துவதாகும்.

செங்காந்தள்:
தைக்கவில்லை என்பது சரியே. ஆனால் 1876-இல் இத்தாலியில் மருத்துவர் போரோ, சிசேரியனின்போது குருதிப்போக்குக்கும் தொற்றுக்கும் அஞ்சிக் கருப்பையையே வெட்டி அகற்றினார். மூன்றாண்டுகள் கழித்துப் புன்யோரோவில் கருப்பையும் காக்கப்பட்டது, தாயும் பிழைத்தாள். பிறர் கற்றாக வேண்டும் என்பதே உங்கள் அளவுகோல் எனில், ஓனிசிமஸைப் பாருங்கள். ஆப்பிரிக்காவில் பிறந்து பாஸ்டனில் அடிமையாக இருந்த அவர், அம்மைக் கொப்புளத்துச் சீழைத் தோலைக் கீறி ஏற்றும் முறையைத் தம்மை உடைமையாக வைத்திருந்த பாதிரியார் காட்டன் மாதரிடம் சொன்னார். 1721-இல் பெரியம்மை பரவியபோது, மாதரின் தூண்டுதலால் மருத்துவர் பாய்ல்ஸ்டன் சுமார் 240 பேருக்கு அதைச் செய்தார். இறந்தோர் 6 பேர். அம்மை தானாகத் தொற்றியவர்களிலோ ஏறத்தாழ ஏழில் ஒருவர் மாண்டனர்.

ஏட்டுப்பூச்சி:
துருக்கியிலிருந்தும் அச்செய்தி லண்டனை எட்டியிருந்தது என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

செங்காந்தள்:
எட்டியிருந்தது. அதைப் படிப்பதற்கு முன்பே ஓனிசிமஸ் தமக்குச் சொல்லிவிட்டதாக, 1716-இல் லண்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டிக்கு எழுதிய கடிதத்தில் மாதரே குறிப்பிடுகிறார்.

ஏட்டுப்பூச்சி:
அப்படியானால் ஓனிசிமஸ் செய்தது பங்களிப்பே. இவ்விடத்தில் என் வாதம் நிற்காது. புன்யோரோவை மட்டும், தனித்து வளர்ந்த தேர்ந்த அறுவைக் கலை என்றே எழுதுவேன். அங்கிருந்து பிற நாட்டு மருத்துவத்துக்கு ஒரு கற்றல்தடம் காட்டுங்கள், அந்தச் சொல்லையும் மாற்றிக்கொள்கிறேன்.