நாடற்றவர் என்பதை எப்படி நிரூபிப்பது? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்

அனைவருக்கும் வணக்கம். அகதிகளுக்கு விண்ணப்பம் எழுதித் தரும் தன்னார்வலராக இருக்கிறேன். சென்ற வாரம் ஓர் இளைஞர் கொண்டுவந்த படிவத்தில் 'குடியுரிமை' என்ற கட்டத்தில் ஒரு கோடு மட்டும் இழுக்கப்பட்டிருந்தது. கையிலிருந்த ஒரே சான்று, மடிப்புகளில் கிழிந்து ஒட்டுப்போட்ட அவருடைய தாயின் பதிவு அட்டை.

அகதிகளுக்கான 1951ஆம் ஆண்டு உடன்படிக்கையும், அதன் கால, இட வரம்புகளை நீக்கிய 1967ஆம் ஆண்டு நெறிமுறையும் எனக்குப் பழக்கமானவை. ஆனால் இவர் துன்புறுத்தலுக்கு அஞ்சி வந்தவர் அல்லர். எந்த நாடும் தன் சட்டப்படி குடிமகனாகக் கருதாத, 1954ஆம் ஆண்டு உடன்படிக்கை சொல்லும் நாடற்றவர். இல்லாத ஒன்றை இல்லை என்று நிரூபிப்பதுதான் இங்கே பெரும்பாடு. நிரூபிக்கும் பொறுப்பை விண்ணப்பதாரரும் அதிகாரிகளும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று ஐ.நா. அகதிகள் உயர் ஆணையத்தின் 2014ஆம் ஆண்டுக் கையேடு கூறினாலும், நான் பார்த்தவரை முழுச் சுமையும் அவர் தலையிலேயே விழுகிறது.

தூதரகத்துக்கு எழுதியும் பதில் வராதபோது, அந்த மௌனத்தையே சான்றாக முன்வைத்து வென்றவர்கள் இங்கே இருக்கிறீர்களா? எத்தனை முறை எழுதினீர்கள், எவ்வளவு காலம் காத்திருந்தீர்கள் என்று தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.

அவர் பிறந்த நாடு, நாடற்ற நிலையைக் குறைப்பதற்கான 1961ஆம் ஆண்டு உடன்படிக்கையை ஏற்றது. வேறு குடியுரிமை கிடைக்காதவருக்குப் பிறந்த நாடே குடியுரிமை தர வேண்டும் என்றாலும், விண்ணப்பக் காலத்தை 21 வயதோடு முடித்துக்கொள்ள அந்த உடன்படிக்கை நாடுகளை அனுமதிக்கிறது. இவருக்கு இப்போது 20 வயது. தயவுசெய்து விரைந்து எழுதுங்கள்.