குவார் கெப்பா எலும்புகள்: லைடனிலேயே இருக்கட்டுமா, பினாங்குக்கு வரட்டுமா?

செபராங் பிறை வாசி:
மலேசியாவில் பினாங்கின் பெருநிலப் பகுதியில் குவார் கெப்பா சிப்பி மேடுகள் இருந்தன; பழங்கால மக்கள் தின்றுவிட்டுப் போட்ட சிப்பி ஓடுகள் குவிந்த மேடுகள் அவை. 1934-இல் டச்சு ஆய்வாளர் வான் ஸ்டெயின் கேலன்பெல்ஸ் அங்கே தோண்டினார். கிடைத்த எலும்புக்கூடுகளில் 41 நெதர்லாந்தின் லைடனுக்குப் போய்விட்டன. மாநில அரசு அவற்றைத் திருப்பிக் கேட்டிருக்கிறது. கேட்பதுதான் நியாயம் என்கிறேன். இந்த மண்ணில் புதைத்தவர்களை வேறு யார் வைத்துக்கொள்வது?

தொல்லியல் மாணவி:
எனக்கு உடன்பாடில்லை அண்ணே. 2013-இல் கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கில் 11-ஆம் எண் சண்டியை, அதாவது பழங்காலக் கோயிலை, இடித்துத் தள்ளினார்களே, அதற்குள் மறந்துவிட்டதா? கோயிலையே காப்பாற்றாத நாம் எலும்பைக் காப்பாற்றுவோமா? லைடனில் பத்திரமாக இருக்கிறது.

பட்டர்வொர்த் தம்பி:
சிப்பிக் குப்பைக்கு இவ்வளவு சண்டையா? நம்ம தமிழர் சரித்திரம் பூஜாங்லதானே இருக்கு.

செபராங் பிறை வாசி:
தம்பி, 2017-இல் யூஎஸ்எம் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) குழு குவார் கெப்பாவில் ஒரு பெண்ணின் எலும்புக்கூட்டைக் கண்டெடுத்தது. கைகள் மடக்கியபடி, சுற்றிலும் பானை, கற்கருவி, சிப்பி. சும்மா தூக்கிப் போட்ட உடம்பு இல்லை, பக்கத்தில் இருந்தவர்கள் பார்த்துப் பார்த்து அடக்கம் செய்தது. ஏறக்குறைய 5,700 ஆண்டுகள். பூஜாங் கோயில்கள் எல்லாம் அதற்கு எவ்வளவோ பிந்தியவை. தமிழன் கட்டியதா என்று பார்த்துத்தான் மதிப்போம் என்றால், இந்த நாட்டில் நாம் எதைத்தான் நம்முடையது என்று சொல்வது? சிப்பியும் சாதாரணமில்லை. இன்று கடல் சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அன்று கரை எங்கே இருந்தது, என்ன சாப்பிட்டார்கள் என்பதற்கு அதுதான் சாட்சி.

தொல்லியல் மாணவி:
அந்தச் சாட்சியைத்தானே அழித்தார்கள்! 1860-இல் ஏர்ல் என்ற ஆங்கிலேயர் பார்த்தபோதே சுண்ணாம்புக்காகச் சிப்பியை வெட்டி எடுத்துக்கொண்டிருந்தார்கள். எந்த எலும்பு எந்த அடுக்கில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதுதான் தொல்லியல். மேடு போன பிறகு எலும்பை மட்டும் கொண்டுவந்து கண்ணாடிப் பெட்டியில் வைத்தால் வேடிக்கை பார்க்கலாம், அவ்வளவுதான்.

செபராங் பிறை வாசி:
அதற்காகத்தான் கேட்கிறேன் தங்கச்சி. 2017-இல் கிடைத்தவள் இங்கே, மற்றவர்கள் அங்கே. பல்லோடு பல்லை, எலும்போடு எலும்பை ஒரே மேசையில் வைத்து ஒப்பிட வேண்டாமா?

தொல்லியல் மாணவி:
ஒப்பிடலாம். முதலில் ஈரம் அண்டாத சேமிப்பறை, பயிற்சி பெற்ற ஆட்கள், நிரந்தரப் பட்ஜெட். அது வந்தால் எலும்பைத் திருப்பிக் கேட்கும் மனுவில் நானே கையெழுத்துப் போடுகிறேன்.

செபராங் பிறை வாசி:
எலும்பு வராமல் பட்ஜெட் யார் ஒதுக்குவார்? வருகிற தேதியைக் குறித்தால்தான் அறையே கட்டுவார்கள்.