காரையில் கிடைத்த தோட்டாக் கல்

பெரம்பலூரிலிருந்து:

ஏழாம் வகுப்புக் கோடை விடுமுறையில் தாத்தாவோடு ஆடு ஓட்டிக்கொண்டு எங்கள் மாவட்டத்துக் காரை ஊர்க் காட்டுக்குப் போனபோது நடந்தது இது. அந்த இடத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மர நிழல் கிடையாது. மழை அறுத்த ஓடைகளும், செம்மண்ணும் மஞ்சளும் சாம்பலும் கலந்த மேடுகளுமாகக் கண்ணுக்கு எட்டிய தூரம் போகும். வெயில் ஏறினால் தரை மினுங்கும், அது ஜிப்சம் என்ற கனிமம். ஓடைக்குள் இறங்கி நடந்தபோது சுண்டுவிரல் நீளத்தில், ஒரு முனை கூராக, தேன் நிறத்தில் ஒரு கல் கிடந்தது. துப்பாக்கித் தோட்டா என்று நினைத்துத் தாத்தாவிடம் ஓடினேன்.

"இதுக்கா இப்புடி ஓடியார? இங்க கொட்டிக் கெடக்கு. ஒரு காலத்துல இங்க கடல் இருந்துச்சாம்டா" என்றார். பள்ளிக்கூடம் போகாத மனிதர். அவருக்கு யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவே இல்லை. இப்போது கேட்க அவர் இல்லை.

அந்த விடுமுறை முடிவதற்குள் பத்தொன்பது கல் சேர்த்து ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்திருந்தேன். கல்லூரியில் நிலவியல் ஆசிரியர் ஒருவரிடம் அவற்றைக் கொண்டுபோய்க் காட்டினேன். ஒன்று ஏற்கெனவே உடைந்திருந்தது. அதன் உடைந்த முகத்தைத் தண்ணீரில் நனைத்துக் காட்டினார். வண்டிச் சக்கரத்து ஆரக்கால்கள் மாதிரி நடுவிலிருந்து வெளிப்பக்கம் ஓடும் கோடுகள். "இது பெலெம்னைட். நம்ம கணவாய் மீனுக்குத் தூரத்துச் சொந்தம். கணவாயை அறுத்தா உள்ளே ஓடு ஒண்ணு வருமே, அது மாதிரி இதோட உடம்புக்குள்ள, வால் பக்கம் இருந்த கெட்டியான பகுதி இது. சதையெல்லாம் அழுகிப் போயிரும், இது மட்டும் நிக்கும்" என்றார். காரைக் களிமண்ணின் வயது ஏறக்குறைய 10 கோடி ஆண்டுகள் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

அதற்கு அப்புறம் அவர் கேட்ட கேள்விதான் இன்றுவரை என்னோடு இருக்கிறது. "எந்த அடுக்குல எடுத்தீங்க தம்பி?"

எனக்குத் தெரியவில்லை. ஓடைத் தரையில் கிடந்ததைப் பொறுக்கினேன். மேலே எந்த மேட்டிலிருந்து, எந்த மட்டத்திலிருந்து கழன்று உருண்டு வந்தது என்று சொல்ல வழியில்லை. உயிர் எது என்பதைக் கல் சொல்கிறது. அது எப்போது வாழ்ந்தது, யாரோடு வாழ்ந்தது, அதற்கு முன்னால் என்ன, பின்னால் என்ன என்பதை அடுக்குதான் சொல்கிறது. பத்தொன்பது கல் வைத்திருந்த எனக்கு அதில் பாதிதான் கையில் இருந்தது.

நம் பகுதியின் அடுக்குகள் கிழக்கே கடலைப் பார்த்து லேசாகச் சாய்ந்திருக்கின்றன. அதனால் மேற்கில் பழையது, கிழக்கே போகப் போகப் புதியது. 1860களில் இந்தப் பாறைகளை வரைபடமாக்கி வெளியிட்ட ஆங்கிலேய நிலவியலாளர் ஹென்றி பிளான்ஃபோர்ட் அவற்றை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். அந்தப் பெயர்களைத்தான் இன்றும் சொல்கிறோம். கோண்டுவானா என்ற பழைய பெருநிலத்திலிருந்து இந்தியா பிரிந்து கிழக்குக் கரை உருவான பிறகு, கடல் உள்ளே ஏறி நின்ற காலத்துப் படிவுகள் இவை. படித்து முடித்ததும் ஒருநாள் காரையில் கிளம்பி, அரியலூர் வழியாகச் செந்துறை வரை பேருந்தில் போனேன். ஜன்னலுக்கு வெளியே பருத்தியும் முந்திரியும்தான் தெரிந்தன. அடியில் 3 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலத்து அடுக்குகள் ஓடிக்கொண்டிருந்தன. இதைப் பக்கத்து சீட்டுக்காரரிடம் சொன்னேன். இறங்கும்வரை கேட்டுக்கொண்டு வந்தார், நல்ல மனிதர்.

உங்களுக்கு இப்படி ஒரு முதல் கல் இருந்தால் எழுதுங்கள்.

அரியலூரிலிருந்து:

அண்ணா, எனக்கு ஒரு கல் இல்லை, ஒரு சுவர். என் அப்பா சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் டிப்பர் ஓட்டினார். ஒருமுறை அனுமதி வாங்கி எங்களை உள்ளே கூட்டிப்போனார். வெட்டிய முகப்பில் ஆள் உயரத்துக்கும் மேலே, சிப்பி மேல் சிப்பி. இடையில் மண் கொஞ்சம்தான். ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவு, தடிமனாக, வளைந்து, கைக்குக் கனமாக இருந்தது. கிரைஃபியா என்ற சிப்பி வகை என்று பிற்பாடு படித்தேன். கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல் என்று அந்த அடுக்குக்குப் பெயர், சுமார் 7 கோடி ஆண்டுப் பழையது.

அந்தச் சிப்பிகள் கடல்நீரிலிருந்து சுண்ணாம்பை எடுத்து ஓடு கட்டின. அவற்றை அரைத்துச் சூளையில் வைத்து நாம் சிமென்ட் ஆக்குகிறோம். எங்கள் வீட்டைக் கட்டிய சிமென்ட்டும் அரியலூர்ச் சிமென்ட்தான். இதை யோசித்த அன்று இரவு சுவரில் கை வைத்துப் படுத்திருந்தேன்.

ஊருக்குப் பக்கத்தில் வாரணவாசியில் அரசின் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. குழந்தைகளைக் கூட்டிப்போங்கள். சுருள் ஓட்டோடு கடலில் வாழ்ந்து அழிந்துபோன அம்மோனைட்டுகளில் பெரியவற்றை அருகில் நின்று பார்க்கலாம்.

புதுச்சேரியிலிருந்து:

என்னுடையது கடல் கதை இல்லை. என் அம்மாச்சி ஊர் திருவக்கரை பக்கம். வக்கிரகாளியம்மன் கோயிலுக்குப் போகும்போதெல்லாம் கல்மரம் பார்க்கக் கூட்டிப்போவார். "அம்மன் சம்காரம் பண்ணின அசுரனோட எலும்பு" என்பார். சிறு வயதில் எனக்கு அது பயம். வளர்ந்த பிறகு அவர் சொன்னதில் இருந்த கவனத்தை வியக்கிறேன். இவை சாதாரணப் பாறை இல்லை, ஒரு காலத்தில் உயிரோடு இருந்தவை என்பதை அந்த ஊர் மக்கள் எப்போதோ கண்டுகொண்டிருக்கிறார்கள்.

மரத்தின் வரி, கணு, உள்ளே வளையம் எல்லாம் அப்படியே இருக்கும். தட்டினால் கணீர் என்று ஒரு சத்தம். சுமார் 2 கோடி ஆண்டுகள் பழையவை. மணலில் புதைந்த மரத்துக்குள் சிலிக்கா கரைந்த தண்ணீர் ஊறி, மரம் மக்குவதற்கு முன் அதன் நுண்ணிய அறைகளை நிரப்பிக் கல்லாக்கிவிட்டது. 1780களிலேயே சொனரா என்ற பிரெஞ்சுக்காரர் இவற்றைப் பற்றி எழுதியிருக்கிறார்.

ஒரு விஷயத்தை நான் பல வருடம் கழித்துத்தான் கவனித்தேன். எல்லா மரமும் படுத்தே கிடக்கின்றன. கிளை இல்லை, வேர் இல்லை, இலை இல்லை. அப்படியென்றால் இவை வளர்ந்த இடம் இது இல்லை. வெள்ளம் அடித்து, உருட்டி, கிளையையும் வேரையும் முறித்துக் கொண்டுவந்து இங்கே போட்டிருக்கிறது. நான் காடு என்று நினைத்து நடந்த இடம் ஒரு ஆற்றுப் படுகை. சங்கராபரணி இன்றும் பக்கத்தில்தான் ஓடுகிறது, ஆனால் இது அதற்கு மிக மிக முந்தைய ஆறு.

குன்னத்திலிருந்து:

2020 அக்டோபரில் எங்கள் பக்கம் மண் தோண்டிய இடத்தில் உருண்டை உருண்டையாகக் கற்கள் வந்தன. டைனோசர் முட்டை என்று வாட்ஸ்அப்பில் பரவி, பைக்கில் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். நானும் போனேன். நிலவியல் தெரிந்தவர்கள் வந்து பார்த்து, இவை முட்டை இல்லை, அம்மோனைட் வாழ்ந்த கடலின் படிவில் உருவான உருண்டைகள் என்றார்கள். கூட்டம் உடனே கலைந்துவிட்டது. எனக்கு அதுதான் வருத்தம். நம் வயலுக்கு அடியில் கடல் படுத்திருக்கிறது என்பது முட்டையைவிடப் பெரிய செய்தி இல்லையா?

மீண்டும் பெரம்பலூரிலிருந்து:

குன்னத்துத் தம்பி சொன்னது சத்தியம். ஆனால் டைனோசரும் இங்கே இருந்ததுதான். அரியலூர்த் தொகுதியின் மேல்பகுதியில், கல்லமேடு அடுக்கில், டைனோசர் எலும்புகள் கிடைத்திருக்கின்றன. அதற்கு மேலே நின்னியூர் அடுக்கு. கீழே உள்ள கடல் அடுக்குகளில் கிடைத்த அம்மோனைட் அதில் இல்லை. அதன் உறவான நாட்டிலஸ் மட்டும் இருக்கிறது. 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் உலகம் முழுக்க நடந்த பேரழிவு, செந்துறைப் பக்கம் இப்படி ஒரு இல்லாமையாகப் பதிவாகியிருக்கிறது.

புதுச்சேரி அக்கா, எங்கள் மாவட்டத்துச் சாத்தனூருக்கும் ஒருமுறை வாருங்கள். நிலவியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் 1940-இல் கண்டறிந்த கல்மரம் அங்கே 18 மீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கிறது. அது ஆற்று மணலில் புதையவில்லை, கடலுக்குள் வந்து புதைந்த மரம். உங்கள் மரங்களைவிடப் பல கோடி ஆண்டுகள் மூத்தது.

போன தை மாதம் மகளைக் காரைக்குக் கூட்டிப்போனேன். தரையில் கிடந்ததை எடுக்கப் போனவளை நிறுத்தி, மேட்டின் அறுந்த முகத்தைத் தேடச் சொன்னேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் தேடினாள். கடைசியில் களிமண்ணில் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஒரு பெலெம்னைட்டைக் கண்டுபிடித்தாள். பக்கத்தில் ஸ்கேலை வைத்துப் படம் எடுத்தோம். கீழே ஓடும் ஜிப்சப் பட்டையிலிருந்து எத்தனை சாண் உயரம் என்று அவளே அளந்து நோட்டில் எழுதினாள். எடுக்கலாமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். வீட்டுக்கு வந்து பிஸ்கட் டப்பாவுக்குள்ளும் ஒரு சீட்டு எழுதி வைத்தேன்: காரை, ஓடைத் தரை, அடுக்கு தெரியாது.