குழந்தையில் எடுத்த ஞானஸ்நானம் செல்லுமா, மறுபடி எடுக்க வேண்டுமா?

கேள்வி

அனைவருக்கும் ஸ்தோத்திரம். குழந்தையாக இருந்தபோது தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் பெற்றவர், பெரியவரான பிறகு முழுக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் சபையில் சேர விரும்புகிறார். “முன்பு நடந்தது ஞானஸ்நானமே இல்லை” என்கிறார் அங்குள்ள பாஸ்டர். பழைய சபையோ “இரண்டாவது முறை எடுப்பது தவறு” என்கிறது. தண்ணீர் எவ்வளவு என்பதுதான் சண்டையா? யார் சொல்வதைக் கேட்பது?

பதில் 1

தண்ணீரின் அளவு பாதிதான். ஆர்த்தடாக்ஸ் சபைகளில் கைக்குழந்தையையே மூன்று முறை தண்ணீரில் முக்கி எடுக்கிறார்கள். அதையும் பாப்டிஸ்ட் சபைகள் (விசுவாசித்தவருக்கு மட்டும் முழுக்கு ஞானஸ்நானம் கொடுப்பவை) ஏற்பதில்லை. அவர்களுடைய கேள்வி, எடுத்தவர் தன் வாயால் விசுவாசத்தை அறிக்கை செய்தாரா என்பது.

கத்தோலிக்க, ஆர்த்தடாக்ஸ், லுத்தரன், ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் சபைகள் குழந்தைக்கும் கொடுக்கின்றன. கத்தோலிக்கத் திருச்சபை பார்ப்பது மூன்று விஷயம்: உண்மையான தண்ணீர், மத்தேயு 28:19-ன்படி தந்தை, மகன், தூய ஆவி பெயர், திருச்சபை செய்வதைச் செய்யும் நோக்கம். கொடுத்தவர் நல்லவரா கெட்டவரா என்பது கணக்கில் வராது. கொடுப்பவர் தவறியவரானால் அது செல்லாது என்ற தொனாத்துவாதிகள் என்னும் பிரிவினரோடு, பழங்காலத் திருச்சபை ஆயர் அகுஸ்தினார் வாதாடியது இதற்காகத்தான். ஆகவே லுத்தரன் சபையில் முறையாக எடுத்தவர் கத்தோலிக்கராக வந்தால் திரும்பத் தண்ணீர் ஊற்ற மாட்டார்கள்.

ஆனால் வார்த்தையில் கண்டிப்பு உண்டு. “நான் உனக்குத் திருமுழுக்கு (ஞானஸ்நானத்துக்குக் கத்தோலிக்கர் சொல்லும் பெயர்) அளிக்கிறேன்” என்பதை “நாங்கள் உனக்கு” என்று மாற்றிக் கொடுத்த திருமுழுக்கு செல்லாது என்று 2020-இல் வத்திக்கான் அறிவித்தது. அப்படிப் பெற்றவர்கள் புதிதாகப் பெற வேண்டியதாயிற்று. ஊற்றுகிறவரும் சொல்கிறவரும் ஒருவராகவே இருக்க வேண்டும். ஊற்றும்போதே சொல்ல வேண்டும். அடர்ந்த முடியின் மேல் நாலு துளி தெளித்துவிட்டால் தண்ணீர் தோலைத் தொடாமலே போகலாம். முடியை விலக்கி, நெற்றியிலோ உச்சியிலோ தண்ணீர் ஓடும்படி ஊற்றச் சொல்வது அதனால்தான்.

பதில் 2

முழுக்கு ஞானஸ்நானச் சபையின் பக்கத்தையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். அவர்கள் அதை “மறு ஞானஸ்நானம்” என்று சொல்வதே இல்லை. அவர்களுக்கு இதுதான் முதலாவது. அப்போஸ்தலர் 8-இல் எத்தியோப்பிய மந்திரி நற்செய்தியைக் கேட்கிறார், விசுவாசிக்கிறார், பிறகு தண்ணீரில் இறங்குகிறார். ரோமர் 6:4 ஞானஸ்நானத்தை அடக்கம்பண்ணப்படுதலோடு ஒப்பிடுகிறது. மூழ்குவதும் எழுவதும் அந்த உருவம். மூல கிரேக்கச் சொல்லுக்கும் முக்குதல் என்பதே அடிப்படைப் பொருள். ஆனால் மாற்கு 7:4-இல் கழுவுதலுக்கும் அது வருகிறது என்பதை மறைக்கக் கூடாது. பவுலைக் காவல் காத்த சிறைச்சாலைக்காரன் வீட்டார் எல்லாரும் ஞானஸ்நானம் பெற்றார்கள் என்கிறது அப்போஸ்தலர் 16:33. அதில் குழந்தைகள் இருந்தார்களா என்று வசனம் சொல்லவில்லை; இரு தரப்பும் தங்களுக்கு ஏற்றபடி படிக்கிறார்கள்.

எனவே பாஸ்டரிடம் நேராகக் கேளுங்கள்: இது உறுப்பினர் ஆவதற்கு மட்டும் நிபந்தனையா, திருவிருந்து (அப்பமும் ரசமும்) எடுக்கவும் நிபந்தனையா? சபைக்குச் சபை மாறும். சில பாப்டிஸ்ட் சபைகள் விசுவாச அறிக்கையை மட்டும் கேட்டுச் சேர்த்துக்கொள்கின்றன. மனது ஒப்பாமல், வற்புறுத்தலுக்காக எடுக்கும் ஞானஸ்நானம் அவர்கள் போதனைப்படியே அர்த்தமற்றது.

எடுப்பதானால்: தண்ணீர் இடுப்பளவு போதும். கைகளை மார்பில் மடக்கி, ஒரு கையால் மூக்கைப் பிடித்து, முழங்காலை மடக்கிப் பின்னால் சாயுங்கள். விறைத்து நின்றால் கொடுப்பவரால் தாங்க முடியாது, கால் வழுக்கும். மெல்லிய வெள்ளைத் துணி நனைந்தால் உடம்பைக் காட்டும். உள்ளே கருநிற உடை போடுங்கள். தொட்டிக்குள் நிற்பவர் கையில் கம்பி மைக் கொடுக்கவே கூடாது, உயிருக்கு ஆபத்து.

கேட்டவர்

நன்றி ஐயா. ஒருவேளை முதலில் எடுத்தாரா என்றே தெரியவில்லை, சான்றிதழும் இல்லை என்றால்?

பதில் 3

முதலில் அந்தக் காலத்துப் பங்கின் (ஊர்க் கோயிலின்) பதிவேட்டைத் தேடச் சொல்லுங்கள். பெயர் எழுத்து மாறியிருக்கலாம். பிறந்த தேதியையும் தகப்பன் பெயரையும் வைத்துத் தேடுவது நல்லது. பதிவு கிடைக்காவிட்டாலும், நேரில் பார்த்த, நம்பத்தக்க ஒருவரின் சாட்சி போதும் என்கிறது கத்தோலிக்கச் சட்டம். அதுவும் இல்லாமல் சந்தேகம் நின்றால், “நீ ஏற்கெனவே திருமுழுக்குப் பெறாதிருந்தால்” என்ற நிபந்தனையோடு தொடங்கிக் கொடுப்பார்கள். இது இரண்டாவது முறை கொடுப்பதாகாது.

கத்தோலிக்கத் திருமணத்துக்கு வீட்டில் இருக்கும் பழைய சான்றிதழ் பொதுவாகச் செல்லாது. 6 மாதத்துக்குள் எடுத்த பிரதி கேட்பார்கள். உறுதிப்பூசுதல் (ஞானஸ்நானத்துக்குப் பின் வரும் சடங்கு), முந்தைய திருமணம் எல்லாம் பதிவேட்டின் ஓரத்தில் குறிக்கப்படும், புதுப் பிரதியில்தான் அவை தெரியும்.

பதில் 4

ஒன்று சேர்க்கிறேன். உயிர் ஆபத்தில் இருக்கும் குழந்தைக்குக் குருவானவர் வரும்வரை காத்திருக்க வேண்டாம். கத்தோலிக்க முறையில் யாரும் கொடுக்கலாம், கிறிஸ்தவர் அல்லாத செவிலியரும் கூட. சாதாரணத் தண்ணீர் போதும், மந்திரித்த தீர்த்தம் தேவையில்லை. இன்குபேட்டரில் இருந்தால் செவிலியரிடம் சொல்லி, வெதுவெதுப்பான சுத்தத் தண்ணீரை ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, நெற்றியில் மூன்று முறை சில துளி ஓடவிட்டு, “தந்தை, மகன், தூய ஆவியின் பெயரால் நான் உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறேன்” என்று சொல்லுங்கள். பெயர் வைக்காவிட்டாலும் பரவாயில்லை. தேதி, நேரம், கொடுத்தவர், பார்த்தவர் பெயர்களை உடனே எழுதிப் பங்குக்குக் கொடுங்கள். குழந்தை பிழைத்தால் கோயிலில் எண்ணெய் பூசுதல், வெள்ளாடை, மெழுகுதிரி ஆகியவை மட்டும் நடக்கும். தண்ணீர் மறுபடி ஊற்ற மாட்டார்கள்.