அயன் வெவ்வூற்று: ஒரு சொல் முன்மொழிவு

அன்பின் நண்பர்களுக்கு,

சூடான பரப்பிலிருந்து அயன்களை, அதாவது மின்னேற்றம் பெற்ற அணுக்களை, வெளிவிடும் கருவிக்கு (thermionic ion source) தமிழ்ச் சொல் தேடுகிறோம். அதற்கு நண்பர் ஒருவர் எழுதியது:

> "வெப்ப இலத்திரன் முதல்" என்று வைத்தால் பாடநூல் வழக்கோடு ஒத்துப்போகும்.

ஐயா, இதை என்னால் ஏற்க முடியவில்லை. துணிக்கை ஆர்முடுக்கிக்குள் (particle accelerator) இந்தக் கருவி அனுப்புவது இலத்திரனை (electron) அல்ல. இலத்திரனை இழந்த அணுவை, அதாவது நேர் அயனை. 1928ஆம் ஆண்டின் பௌதிக நோபல் பரிசைப் பெற்ற ரிச்சட்சன், சூடான பொருள்களிலிருந்து வெளிவரும் இலத்திரன், நேர் அயன் இரண்டையுமே ஆராய்ந்தவர். தமிழில் நாம் ஏன் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ள வேண்டும்?

கருவி இயங்கும் விதத்தைப் பாருங்கள். சீசியம் அணு சூடான தங்குதன் (tungsten) பரப்பைத் தொடுகிறது. தங்குதனிலிருந்து ஓர் இலத்திரனைப் பிரிக்க ஏறத்தாழ 4.5 இலத்திரன்வோல்ற்று (சக்தியின் ஓர் அலகு) வேண்டும், சீசியத்துக்கு 3.9 போதும். அதனால் இலத்திரன் உலோகத்தில் தங்கிவிட, சீசியம் அயனாகக் கிளம்புகிறது. இலிதியத்துக்கு இந்தக் கணக்குச் செல்லாது, அதற்கு 5.4 வேண்டும். ஆகவே நுண்துளைத் தங்குதன் வில்லையில் இலிதியம் அலுமினோசிலிக்கேற்று என்ற சேர்வையைப் பூசி, 1,000 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்குகிறார்கள். அந்தச் சேர்வையின் பளிங்குக்குள் (crystal) முன்பே அயனாக இருந்த இலிதியம் கசிந்து வெளியே வருகிறது. அயனை உண்டாக்க வாயுவும் வேண்டாம், மின்வில்லும் (electric arc) வேண்டாம்.

கசிந்து வரும் இடத்தை 'முதல்' (source) என்று எழுத எனக்குக் கை வரவில்லை. திருகோணமலையில் வளர்ந்தவனுக்கு ஊற்று என்றால் கன்னியா வெந்நீரூற்றுதான். ஏழு கிணறுகள், ஒவ்வொன்றிலும் சூடு சற்று வேறு. சிறுவயதில் வாளியோடு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஓடி, எது அதிகம் சுடுகிறது என்று பார்த்திருக்கிறேன். வெந்நீரூற்றை நினைத்தே முதலில் 'வெவ்வயன் ஊற்று' என்று எழுதினேன். இரவில் யோசித்தபோது அது பிழை என்று பட்டது. இந்த அயன்கள் புறப்படும்போது அவற்றின் வெப்பச் சக்தி 0.1 இலத்திரன்வோல்ற்றளவே. அயன் கற்றை குலையாமல் செல்ல அந்த அமைதிதான் உதவுகிறது. வெம்மையை அயனுக்கு அடைமொழியாக்கினால் மாணவர் தலைகீழாக விளங்கிக்கொள்வர். வெம்மை ஊற்றுக்கு உரியது. எனவே: அயன் வெவ்வூற்று. செம்மை, இதழ் சேர்ந்து செவ்விதழ் ஆவதுபோலவே இதுவும் புணர்கிறது.

தமிழகத்து நண்பர்கள் 'அயனி வெவ்வூற்று' என்று எழுதலாம், எனக்கு மறுப்பில்லை. பிளாஸ்மாவிலிருந்து, அதாவது அயனாகிய வாயுவிலிருந்து, அயனைப் பிரித்தெடுக்கும் கருவிக்கும் 'ஊற்று' பொருந்துமா என்பதில்தான் தயங்குகிறேன். அங்கே எதுவும் கசிவதில்லை, மின்புலம் இழுக்கிறது. அதற்கு 'முதல்' என்பதையே வைத்துக்கொள்ளலாமா?