சுகர்ஃப்ரீ மாத்திரையும் இதயமும்: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்களேன்

அப்பாவுக்குச் சர்க்கரை நோய். போன வருடம் இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் (குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழல்) வைத்தோம். பல வருடங்களாகக் காபியில் சுக்ராலோஸ் என்ற செயற்கை இனிப்பு மாத்திரைதான். 2022-இல் வெளியான பிரெஞ்சு ஆய்வு, 1 லட்சத்துக்கும் அதிகமானோரைக் கவனித்துவிட்டு, செயற்கை இனிப்பு அதிகம் எடுப்பவர்களிடம் இதயநோய் சற்றுக் கூடுதல் என்றது. அது தொடர்புதான், காரணம் என்று நிரூபணமாகவில்லை. உடல் எடை கூடியவர்கள், சர்க்கரை நோய் உள்ளவர்கள்தானே இதைத் தேடிப் போகிறார்கள்! 2023-இல் உலக சுகாதார நிறுவனம் எடை குறைக்க இவை வேண்டாம் என்றது. ஆனால் ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை இல்லையாம். அப்போ அப்பா என்ன செய்வது?

ஸ்டீவியா (இனிப்பு இலைச் செடி) பொடிக்கு மாறலாம் என்றால், பலவற்றில் எரித்ரிடால் என்ற இன்னொரு இனிப்பூட்டியைக் கலக்கிறார்கள். அதன்மீதும் ரத்தம் உறைவது பற்றிச் சந்தேகம் இருக்கிறது.

ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு உங்கள் டாக்டர் என்ன சொன்னார்? அப்புறம், பெரியவர்களை இனிப்பே இல்லாத காபிக்குப் பழக்கியவர்கள் யாராவது இருந்தால், எப்படி என்றும் எழுதுங்கள்.